கூரையில் மூசாங்: கூண்டு வாங்கும் முன்

சிங்கப்பூரில் சிக்லாப், ஓப்பரா எஸ்டேட் பக்கம் தரைவீட்டில் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரவு எட்டு மணி வாக்கில் தலைக்கு மேல் தொப்பென்று ஒரு சத்தம், பிறகு யாரோ வெறுங்காலில் நடந்து போவது மாதிரி ஒரு நடை, சன்னலோரம் லேசாகப் பாண்டான் இலை வாசனை. மூசாங் வந்துவிட்டது என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஊரில் நாம் மரநாய் என்று சொல்வதன் நெருங்கிய சொந்தம்தான் இது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரருக்கு வரும் யோசனை அநேகமாக ஒன்றுதான். ஒரு கம்பிக் கூண்டு வாங்கலாம், வாழைப்பழம் வைத்துப் பிடிக்கலாம், காரில் ஏற்றிப் புக்கிட் தீமா காட்டுப் பக்கம் விட்டுவிடலாம். நல்லெண்ணத்தில் செய்யும் வேலைதான், ஆனால் சட்டப்படி பிடித்ததும் ஒரு குற்றம், கொண்டுபோய் விட்டதும் இன்னொரு குற்றம்.

வனவிலங்குச் சட்டம் சொல்வது இதுதான். தேசியப் பூங்காக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்த வனவிலங்கையும் கொல்லக்கூடாது, பொறி வைத்துப் பிடிக்கக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது. பாதுகாக்கப்பட்ட இனம் என்றால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மற்ற இனங்களுக்கு 10,000 வெள்ளி வரை, ஆறு மாதம் வரை. பழைய காட்டு விலங்குகள், பறவைகள் சட்டத்துக்கு 2020 ஜூன் 1ஆம் தேதி இந்தப் புதுப் பெயர் வந்தபோது, அனுமதியில்லாமல் வனவிலங்கை விடுவிப்பதும், தீனி போடுவதும் குற்றமாயின. தீனி போட்டால் முதல் முறை 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வரை. 'என் வீடு, என் கூரை' என்ற வாதம் எடுபடாது. விலங்கு உங்கள் கூரையில் இருந்தாலும் வனவிலங்குதான்.

இணையத்தில் கூண்டு பற்றித் தேடினால் வருவதில் பாதி வட அமெரிக்கக் குறிப்புகள். அங்கே இது ஒரு தொழில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1920களிலேயே பொறித்தடங்களைப் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது. இன்ன எல்லைக்குள் உரோம விலங்கு பிடிக்கும் உரிமை இன்னாருக்கு மட்டும் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும். அதற்கு முன் பயிற்சி வகுப்பு, தேர்வு, உரிமம் எல்லாம் உண்டு. உரோமம் குளிரில்தான் அடர்ந்து நிற்கும் என்பதால் பருவமும் குளிர்காலத்தை ஒட்டியே வரும். பொறிகளுக்கும் அளவுகோல் இருக்கிறது. 1997ல் கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் செய்துகொண்ட உடன்பாடு, குறிப்பிட்ட இனங்களுக்கு எந்தப் பொறி எவ்வளவு நேரத்தில் உயிரைப் பறிக்க வேண்டும், உயிரோடு பிடிக்கும் பொறி எவ்வளவு காயம் வரை உண்டாக்கலாம் என்று வரையறுக்கிறது. நமக்கு அந்தப் பருவமும் இல்லை, தடமும் இல்லை, உரோமச் சந்தையும் இல்லை. அதனால் ரக்கூனுக்காக எழுதிய குறிப்பைப் பார்த்து மூசாங்குக்குக் கூண்டு வைக்காதீர்கள். கூண்டின் அளவு பொருந்தலாம். சட்டம் பொருந்தாது, வெயிலும் பொருந்தாது.

பெரும்பாலான மூசாங் தொல்லைக்குக் கூண்டே தேவையில்லை என்பது என் கருத்து. ஒன்றைப் பிடித்து அகற்றினாலும், ஓட்டை திறந்திருந்து, பின்புறம் மாமரம் காய்த்துக்கொண்டிருந்தால், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். தொல்லையை நிறுத்துவது கம்பிவலை. ஆனால் அந்தக் கம்பிவலையை எந்த நேரத்தில், எந்த வரிசையில் அடிக்கிறோம் என்பதில்தான் வேலை கெடுகிறது.

மேலே இருப்பது யார்?

முதலில் இதை உறுதி செய்யுங்கள். எலியின் ஓட்டம் மெல்லியது, வேகமானது. நடுநடுவே கொறிக்கும் சத்தம் வரும், இரவு முழுக்க விட்டுவிட்டுக் கேட்கும். அணில் பகலில் ஓடும். வௌவால் பெரும்பாலும் போர்ச்சில் தொங்கும், அந்தியில் கீச்சிடும், மேலே நடக்காது. மூசாங் 2 முதல் 5 கிலோ வரை இருக்கும், வாலே கிட்டத்தட்ட உடம்பளவு நீளம். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டி மறைகிறது. அதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து மூசாங் கிளம்பும், விடியும் முன் திரும்பும். பகலில் மூச்சுக் காட்டாது. பகலிலும் பூனைக்குட்டி முனகுவது மாதிரி சத்தம் கேட்டால் குட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கீழே சொல்லும் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

எச்சத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கூரை எலியின் புழுக்கை ஒரு சென்டிமீட்டர் சொச்சம், இரு முனையும் கூர்மை. சாக்கடை எலியுடையது இரண்டு சென்டிமீட்டர் வரை போகும், முனை மழுங்கியிருக்கும். மூசாங் எச்சம் விரல் தடிமன் இருக்கும், உடைத்தால் உள்ளே பெரும்பாலும் விதைதான். கூந்தற்பனை விதை கறுப்பாக, கொஞ்சமும் நொறுங்காமல் வெளியே வந்திருக்கும். சீக்கு (சப்போட்டா) விதை பளபளவென்று, அப்போதுதான் பழத்திலிருந்து எடுத்தது போலவே கிடக்கும். சுற்றுச்சுவரின் மேல், ஓட்டு முகட்டில், ஏர்கான் கம்பிரசர் மேல் என்று உயரமான, தட்டையான இடங்களில் தேடுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கூந்தற்பனைப் பழச் சதையில் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, தோலில் பட்டால் நல்ல அரிப்பு.

இந்த எச்சத்தைப் பார்த்ததும் சிலருக்கு 2003 சார்ஸ் ஞாபகம் வந்துவிடும். அப்போது பேசப்பட்டது சீனாவின் சந்தைகளில் கூண்டில் அடைத்து விற்கப்பட்ட முகமூடி மரநாய், வேறு இனம். உங்கள் கூரையில் படுத்திருப்பதால் சார்ஸ் வராது. சிறுநீர் ஊறி சீலிங் பலகையில் மஞ்சள் கறை விழும், பலகை தொங்கும். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

நுழைவழியைக் கண்டுபிடிப்பது

ஓட்டுக்கூரை வீடுகளில் வழக்கமான இடங்கள் சில உண்டு. கூரை விளிம்பில் ஓட்டின் வளைவுக்குக் கீழே அடைப்பு விழுந்துபோன இடைவெளி, இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளம், ஏர்கான் குழாய் உள்ளே போகும் துளை, விளிம்புக்கு அடியில் தளர்ந்த பலகை, பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக் கூரை பழைய சுவரோடு சேரும் இடம். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்ப்பேன். பிற்காலத்தில் நீட்டிய கட்டுமானங்களில் அந்த மூட்டைச் சரியாக மூடிய வீடு குறைவு.

ஓட்டை கிடைத்ததும் அருகே போய்ப் பாருங்கள். சிலந்திவலை அறுபடாமல் இருந்தால் அது பயன்பாட்டில் இல்லை. பயன்படும் ஓட்டையின் கீழ் விளிம்பு எண்ணெய் தேய்த்தது போலக் கறுத்து மினுமினுக்கும். ஓட்டின் முனையில் இரண்டு மூன்று முடி ஒட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே மழைநீர்க் குழாயின் பெயிண்டில் நகக் கீறல்கள் செங்குத்தாக இறங்கும். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போதும்.

இன்னும் சந்தேகமா? பழைய செய்தித்தாளைக் கசக்கி ஒவ்வொரு ஓட்டையிலும் லேசாகச் செருகுங்கள். மூன்று இரவு அசையாமல் இருந்தால் அது நுழைவழி இல்லை. வெளியே தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் வெளியிலிருந்து வந்திருக்கிறது. சீலிங் கதவைத் திறக்க முடிந்தால், நடக்கும் பாதையில் ஒரு பழைய தட்டைப் போட்டு மைதா மாவை மெல்லியதாகத் தூவுங்கள். பூனையின் தடத்தில் நான்கு விரல். மூசாங்குக்கு ஒவ்வொரு காலிலும் ஐந்து.

வரிசை வீட்டிலும் இரட்டை வீட்டிலும் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய கட்டுமானத்தில் நடுச்சுவர் கூரை வரை எழும்பாமல் நின்றிருக்கலாம். உங்கள் பக்கம் ஓட்டையே இருக்காது, பக்கத்து வீட்டு வழியாக வந்து உங்கள் தலைக்கு மேல் தூங்கும். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளாமல் செய்யும் வேலை பணத்துக்குப் பிடித்த கேடு.

குட்டி இருந்தால்

மூசாங் ஒரு ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டி வரை போடும். கூரைக்கடியில் இருட்டு, ஈரமில்லாத இடம், மலைப்பாம்பு எளிதில் வராது. தாய்க்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. குட்டிகள் தாயோடு வெளியேற ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பொறுத்துக்கொள்வதுதான் சிக்கனமான வழி. தாயை வெளியே வைத்து அடைத்தால் என்ன நடக்கும்? அது ஓட்டைப் பெயர்க்கும், பலகையைக் கிழிக்கும், இரவெல்லாம் சுற்றும். உள்ளே குட்டிகள் பட்டினியில் சாகும், நான்காம் ஐந்தாம் நாள் வீடு முழுக்க நாறும், கடைசியில் சீலிங்கையே வெட்டித் திறக்க வேண்டியிருக்கும். அடைப்பதற்குக் கொடுத்த காசைவிடத் திறப்பதற்கு அதிகம் ஆகும்.

குட்டி இல்லை என்பது உறுதியானால், வெளியேற்ற எளிய வழிகள் சில இருக்கின்றன. சீலிங்குக்குள் ஒரு எல்இடி விளக்கை எரியவிடுங்கள், தமிழ் வானொலி ஒலி 96.8ஐ மெல்லிய சத்தத்தில் பேசவிடுங்கள். பாட்டைவிடப் பேச்சுக்குத்தான் கூச்சப்படும். சில இரவுகள் வேலை செய்யும், பிறகு பழகிவிடும். அதற்குள் அடைப்பு வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

நாப்தலீன் உருண்டை மட்டும் வேண்டாம். பாட்டி காலத்திலிருந்து எல்லாரும் சொல்லும் யோசனைதான், ஆனால் அந்த வாடை சீலிங் வழியாகக் கீழே இறங்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு நாப்தலீன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தச் சோதனையை வழக்கமாகவே செய்வது, குறைபாடு இந்த வட்டாரத்தில் அரிதல்ல என்பதால்தான்.

அடைக்கும் வரிசை

பிரதான ஓட்டையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் முதலில் அடையுங்கள். 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலை வேண்டும். கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். இந்தக் கண் அளவு எலியையும் தடுக்கும், இரண்டு வேலை ஒன்றாக முடியும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும் என்பதால் சமையலறைப் பக்கம் மட்டும் சின்னக் கண் எடுக்கலாம். ஈஸ்ட் கோஸ்ட் மாதிரிக் கடற்காற்று அடிக்கும் இடத்தில் நாகம் பூசிய வலை சீக்கிரம் துருப்பிடிக்கும். 316 தர ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், ஒருமுறை செலவு. வலையை ஓட்டையின் அளவுக்கே வெட்டாமல் நாலாபக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, வாஷர் போட்ட திருகாணியால் 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று முடுக்குங்கள். வாஷர் இல்லாமல் திருகாணி மட்டும் போட்டால் வலைக் கண் தலையைத் தாண்டி வழுகிவிடும்.

ஸ்ப்ரே ஃபோம் எளிதாக இருக்கும், அதனால்தான் கண்டிராக்டர்களுக்குப் பிடிக்கும். மூசாங் அதை ஓர் இரவில் பிய்த்தெறியும், பிய்க்காவிட்டாலும் அது மழைநீரைத் தேக்கி மரச் சட்டத்தை அழுகவைக்கும். முகட்டு ஓட்டுக்குச் சிமெண்டுக் கலவை, மற்றதற்கெல்லாம் வலை. காற்று போகும் துளைகளைப் பலகையால் மூடிவிடாதீர்கள், மேல்மாடி வெந்துபோகும்.

பிறகு பிரதான ஓட்டை. அதற்கு ஒருவழிக் கதவு போட வேண்டும். 20க்கு 20 சென்டிமீட்டர் வலைச் சட்டம், மேல்பக்கம் கீல், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மடல். மடல் சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். கனம் முக்கியம். காற்றுக்கு ஆடாத அளவு கனமாகவும், மூக்கால் தள்ளினால் திறக்கும் அளவு லேசாகவும் வேண்டும். நாலைந்து இரவு விடுங்கள். கனமழை பெய்த இரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்று அது வெளியே போகாமலே இருக்கலாம். உள்ளே மறுபடியும் மாவுத் தட்டை வைத்து, இரண்டு இரவு தடம் விழவில்லை என்று பார்த்த பிறகு மடலைக் கழற்றிவிட்டு வலையடியுங்கள்.

வேலை கெடுவது இந்தக் கடைசிக் கட்டத்தில். கண்டிராக்டர் காலை பத்து மணிக்கு வருவார், ஏணி போடுவார், எல்லா ஓட்டையையும் ஒரே மூச்சில் அடைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடுவார். காலை பத்து மணி மூசாங் அசந்து தூங்கும் நேரம், அதனால் அதை உள்ளே வைத்தே பூட்டிவிடுகிறார்கள். ஒருவழிக் கதவு போடாமல் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். இரவு எட்டரைக்கு, அது கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகு அடைப்பதும் ஒரு வழிதான், ஆனால் இருட்டில் கூரையேறும் வேலை. கூலிக்கு வேலை செய்பவர் என்றால், 3 மீட்டருக்கு மேல் விழும் அபாயமுள்ள வேலைக்கு இங்கே முறையான வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் பற்றிக் கேட்டால் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

கூரைக்கு வரும் பாலத்தையும் அறுக்க வேண்டும். கிளைகள் கூரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்கட்டும். மழைநீர்க் குழாயைச் சுற்றி 60 சென்டிமீட்டர் அகல வழவழப்பான தகடு சுற்றினால் ஏற முடியாது. சாலையோர மரம் என்றால் கை வைக்காதீர்கள், அது பூங்காக் கழகத்துடையது. மர பாதுகாப்பு வட்டாரத்தில் வீடு இருந்தால், சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை உங்கள் வளாகத்தில்கூட அனுமதியில்லாமல் வெட்டிச் சாய்க்க முடியாது. விழுந்த மாம்பழத்தை அன்றன்று பொறுக்குங்கள், பூனைச் சோற்றை இரவில் வெளியே வைக்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போது என்95 முகக்கவசம், கையுறை. எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்கக் கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, பத்து நிமிடம் விட்டு அள்ளுங்கள். வாசனை மிச்சமிருந்தால் பழைய இடம் என்று தேடி வரும்.

கூண்டு வேண்டியே இருந்தால்

காயம்பட்ட விலங்கு, வெளியேற வழியில்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட விலங்கு, இப்படிச் சில நேரங்களில் கூண்டு தேவைப்படும். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குத் தொல்லைத் தொலைபேசி எண் 1800-476-1600. பேசும் முன் சில விஷயங்களைக் கையில் வைத்திருங்கள்: எச்சம், தடம், ஓட்டை ஆகியவற்றின் படங்கள், சத்தம் கேட்கும் நேரம், குட்டி இருக்கிறதா இல்லையா, இதுவரை எதை அடைத்தீர்கள், எந்தக் கிளையை வெட்டினீர்கள். ஒன்றும் செய்யாமல் 'வந்து பிடித்துக்கொண்டு போங்கள்' என்றால் பேச்சு நீளாது.

நிறுவனத்தை அமர்த்தினால் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். முகவரி உங்களுடையதா, விலங்கின் பெயர் என்ன, தேதி எதுவரை என்று படியுங்கள். 'எங்களிடம் லைசன்ஸ் இருக்கிறது' என்று ஒரு அட்டையைக் காட்டினால், அது எலி, கொசு ஒழிப்புக்கான அட்டையாக இருக்கலாம். அதைக் கொடுப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம், அதற்கும் மூசாங்குக்கும் சம்பந்தமில்லை.

அனுமதியோடு வைக்கும் கூண்டு எப்படி இருக்க வேண்டும்? நீளம் 80 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 30 அளவில். ஒற்றைக் கதவு, கதவு விழுந்ததும் தானே பூட்டும் குறுக்குக் கம்பி. மிதிதட்டு பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் கதவு முதுகிலோ வாலிலோ விழும். மிதிதட்டைச் சோதிக்க எளிய வழி தண்ணீர் போத்தல். அரை லிட்டர் போத்தலை வைத்தால் கதவு விழக் கூடாது, ஒன்றரை லிட்டர் போத்தலை வைத்தால் விழ வேண்டும். அப்படி வைத்தால் எலியும் அணிலும் மைனாவும் தட்டிவிடாது. உள்பக்கம் வெட்டுக் கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள், பிடிபட்டது பல்லால் கம்பியைக் கடித்துத்தான் முதல் ஒரு மணி நேரத்தைக் கழிக்கும்.

இரைக்கு வாழைப்பழம், பப்பாளி, பழுத்த சீக்கு. மீனோ கோழியோ வைத்தால் அக்கம்பக்கத்துப் பூனைதான் வரும், அல்லது உடும்பு. அந்தியில் விரித்து, விடிந்ததும் மூடிவிட வேண்டும். காலை பத்து மணி வெயிலில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு விலங்கை விட்டுவைப்பது கொலைக்குச் சமம். அதற்கு விலங்குவதைக் குற்றச்சாட்டும் தனியாக வரலாம், முதல் முறைக்கே 15,000 வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை. பிடிபட்டதும் கறுப்புத் துணியால் மூடுங்கள், சட்டென்று அடங்கிவிடும். குனிந்து முகத்தருகே போய்ப் படம் எடுக்காதீர்கள். பிறகு என்ன செய்வது என்பது அனுமதிக் கடிதத்தில் எழுதியிருப்பதுதான், உங்கள் விருப்பமல்ல.

எலி வேறு கணக்கு

வீட்டுக்குள் எலிப்பொறி வைப்பதற்கு இந்த அலைச்சலெல்லாம் இல்லை. கூலிக்குச் செய்பவர்தான் தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் பதிந்த நிறுவனமாகவும், உரிமம் பெற்ற தொழில்நுட்பரையும் சான்றிதழ் பெற்ற ஊழியரையும் வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் புல்தரையில் வளை தெரிந்தால் நீங்களே தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போடுங்கள், நகர மன்றத்துக்குப் போய்ச் சேரும்.

அடிப்பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரை உரசிக்கொண்டே ஓடும், நடு அறையில் வைத்த பொறி அலங்காரத்துக்கு மட்டும். புதுப் பொருளைக் கண்டால் எலிக்குச் சந்தேகம். அதனால் முதல் இரண்டு மூன்று இரவு இரை மட்டும் வைத்து, வில்லை இழுக்காமல் விடுங்கள். பயமில்லாமல் தின்னப் பழகிய பிறகு எல்லாப் பொறியையும் ஒரே இரவில் இழுத்து வையுங்கள். ஒன்றிரண்டு பொறியை வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதில் பலனில்லை, மிஞ்சியவை கற்றுக்கொள்ளும். நிலக்கடலை வெண்ணெய் பட்டாணி அளவு போதும். கட்டியாக வைத்தால் மிதிக்காமலே கவ்விக்கொண்டு ஓடும். கையுறை போடுவது மனித வாடைக்காக இல்லை, எலிச் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலுக்காக.

பசை அட்டையை வெளியே, வடிகால் ஓரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பல்லி, மைனா, பாம்பு எல்லாம் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தெடுத்தால் தோல் வரும். எலி பாஷாணமும் அப்படித்தான். இரத்தம் உறையவிடாமல் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு சில நாள் திரியும், அந்த நிலையில் ஆந்தைக்கும் பாம்புக்கும் மூசாங்குக்கும் சுலபமான இரை. உங்கள் வட்டாரத்தில் எலியைத் தின்பவற்றைக் கொன்றுவிட்டு எலிக்குச் செலவு செய்துகொண்டே இருப்பீர்கள். மருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால், பூட்டிய பெட்டிக்குள், உரிமம் உள்ளவர் கையால்.

கேட்பாரற்ற பொறி கண்ணில் பட்டால்

பூங்கா இணைப்புப் பாதையில், காட்டோரத்தில், சில நேரம் கம்பிக் கண்ணி தெரியும், அல்லது மரக்கிளையில் சின்னப் பறவைக் கூண்டு தொங்கும். மாத்தா பூத்தே குருவிக்காக வைத்ததாக இருக்கலாம், பாட்டுக்குருவி வளர்ப்பவர்களிடையே அதற்கு மவுசு அதிகம். நீங்களே அறுத்தெறிந்துவிடாதீர்கள், அது தடயம். முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், பிறகு பக்கத்திலிருந்து ஒன்று. பாதையின் பெயர், அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண், கைப்பேசி காட்டும் இடக்குறி மூன்றையும் குறித்துக்கொண்டு அதே 1800-476-1600க்கு அழையுங்கள். உள்ளே உயிரோடு ஏதாவது இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், நிழல் இல்லாத இடமென்றால் அதையும். ஆள் வரும் வரை சற்றுத் தள்ளி நில்லுங்கள். காட்டுப்பன்றி மாட்டியிருந்தால் நன்றாகவே தள்ளி, கண்ணிக் கம்பி எவ்வளவு நீளம் என்று தெரியாது.